டென்னிஸ் ஆட அமெரிக்கக் கல்லூரிக்குப் போகும் மகனுக்குச் சம்பளம் வருமா?

கேள்வி: என் மகனுக்கு 18 வயது. எட்டு வயதிலிருந்து கோவையில் டென்னிஸ் ஆடுகிறான். அமெரிக்காவில் ஒரு டிவிஷன் 1 (கல்லூரி விளையாட்டின் மேல்மட்டப் பிரிவு) பல்கலைக்கழகம் 60 சதவீதம் ஸ்காலர்ஷிப் தருவதாகச் சொல்லியிருக்கிறது. இப்போது அங்கே கல்லூரி வீரர்களுக்குச் சம்பளமே கொடுக்கிறார்களாம், லட்சக்கணக்கில் வருமாம் என்று நியூஜெர்சியில் இருக்கும் என் கொழுந்தனார் சொல்கிறார். என் வீட்டுக்காரரோ, "படிப்பைக் கொடுக்கிறார்கள், அதற்கு மேல் காசு கேட்பது தப்பு" என்கிறார். சென்னையில் ஒரு ஏஜென்ட், நாலு லட்சம் கட்டினால் ஸ்பான்சர் பணமும் சேர்த்து வாங்கித் தருவதாகச் சொல்லி இந்த மாதக் கடைசி வரை கெடு கொடுத்திருக்கிறார். விளையாடுவதற்குக் கல்லூரிப் பிள்ளைகளுக்குப் பணம் கொடுப்பது சரிதானா? என் மகனுக்குக் கிடைக்குமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கெடு இருப்பதால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த ஏஜென்டிடம் நாலு லட்சம் கட்டாதீர்கள். காரணம் கீழே வருகிறது.

உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் பின்னிக்கொண்டு கிடக்கின்றன. கல்லூரி வீரர்களுக்குப் பணம் கொடுப்பது நியாயமா என்பது ஒன்று, உங்கள் மகனுக்கு அதில் பங்கு உண்டா என்பது இன்னொன்று. முதலாவதுக்கு என் பதில், கொடுக்கத்தான் வேண்டும், எப்போதோ கொடுத்திருக்க வேண்டும். இரண்டாவதுக்கு, கிட்டத்தட்ட இல்லை என்றே வைத்துக்கொண்டு வீட்டுக் கணக்கைப் போடுங்கள். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பித்தான் ஊரில் பல பேர் பிழைப்பு நடத்துகிறார்கள்.

நான் அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறையில் பல வருடம் கம்ப்ளையன்ஸ் பிரிவில் இருந்தவன். என்சிஏஏ, அதாவது அங்கே கல்லூரி விளையாட்டை நடத்தும் சங்கம், அதன் விதிகளை எங்கள் வீரர்களும் கோச்சுகளும் மீறாமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை. அப்போதைய விதிப்படி, சாப்பாட்டு நேரம் தவிர இடையில் வீரர்களுக்குப் பழம், பருப்பு வகை, பேகல் ரொட்டி தரலாம். ஆனால் ரொட்டியில் தடவ க்ரீம் சீஸோ ஜாமோ வைத்தால் அது 'சாப்பாடு' ஆகிவிடும், விதிமீறல். ராத்திரி ஒன்பது மணிக்குப் பயிற்சி முடிந்து தலையில் துண்டோடு பையன்கள் வருவார்கள், மெஸ் மூடியிருக்கும், மேஜையில் வெறும் ரொட்டி இருக்கும். அதன் பக்கத்தில் யாரோ நல்ல மனதோடு வைத்த சீஸ் டப்பாவை எடுத்து உள்ளே வைத்தவன் நான். அதே வளாகத்தில் எண்பதாயிரம் பேர் உட்காரும் மைதானம், சனிக்கிழமை தோறும் நிறையும். 2014இல் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தின் ஷபாஸ் நேப்பியர் கூடைப்பந்தில் தேசியக் கோப்பை வென்ற சமயத்தில், சில இரவுகள் பசியோடுதான் படுக்கப் போகிறேன் என்று பத்திரிகையாளர்களிடம் சொன்னார். அந்த மாதமே என்சிஏஏ சாப்பாட்டுக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. ஒரு பையன் கேமரா முன்னால் பசிக்கிறது என்று சொன்ன பிறகுதான் அது நடந்தது, அந்தக் கோபம் எனக்கு இன்னும் தணியவில்லை.

உங்கள் வீட்டுக்காரர் சொல்வதை நான் மதிக்கிறேன். நம் ஊரில் படிப்பைவிடப் பெரிய கூலி எது? ஆனால் அந்தப் படிப்பைப் படிக்க நேரம் யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். விதிப்படி வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் பயிற்சி கூடாது. சரி, போட்டி நாளை அந்தக் கணக்கில் எப்படி எழுதுவோம் தெரியுமா? மூன்று மணி நேரம். காலை ஆறு மணிக்கு பஸ் ஏறி ராத்திரி பதினொன்றுக்குத் திரும்பினாலும் மூன்றுதான், பயணம் கணக்கிலேயே வராது. வாரம் முப்பது மணி நேரத்துக்கு மேல் விளையாட்டுக்கே போகிறது என்று என்சிஏஏவே வீரர்களிடம் கேட்டு நடத்திய கணக்கெடுப்புகளில் வந்திருக்கிறது. மதியம் லேப் இருக்கிற பாடத்தை எடுக்க வேண்டாம், பயிற்சியோடு மோதும் என்று சொல்லி வேறு மேஜருக்கு, அதாவது வேறு முதன்மைப் பாடத்துக்கு, திருப்பிவிடப்பட்ட பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். படிப்புதான் கூலி என்றால், அந்தக் கூலியிலும் பிடித்தம் போகிறது.

அப்புறம் 'ஸ்டூடன்ட் அத்லெட்' என்ற அந்தச் சொல். கேட்க அழகாக இருக்கும், ஆனால் அது பிறந்த கதை வேறு. 1955இல் கொலராடோவில் ஃபோர்ட் லூயிஸ் கல்லூரிக்காக ஃபுட்பால் (நம் ஊர்க் கால்பந்து அல்ல, பந்தைக் கையில் பிடித்து ஓடும் அமெரிக்க ஆட்டம்) ஆடிய ரே டெனிசன் என்பவர் ஆட்டத்தில் தலையில் அடிபட்டு இறந்துபோனார். வேலை செய்யும் இடத்தில் இறந்த தொழிலாளியின் குடும்பத்துக்குக் கொடுக்கும் இழப்பீட்டை அவர் மனைவி கேட்டார். 1957இல் மாநில உச்ச நீதிமன்றம் கிடையாது என்றுவிட்டது. அந்தக் காலகட்டத்தில் இந்த மாதிரி இழப்பீட்டுக் கோரிக்கைகளுக்குப் பயந்துதான் 'ஸ்டூடன்ட் அத்லெட்' என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தோம் என்று என்சிஏஏவை 1951 முதல் 1987 வரை நடத்திய வால்டர் பையர்ஸே பிற்பாடு எழுதினார். 1974இல் டெக்சஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகத்துக்காக ஆடும்போது கழுத்தெலும்பு முறிந்து உடல் செயலிழந்த கென்ட் வால்ட்ரெப்பும் இதே இழப்பீட்டுக்காகப் போராடினார். நீ ஊழியன் அல்ல என்று 2000இல் நீதிமன்றம் சொன்னது. இத்தனை வருடமாக நடந்த சண்டையைச் சம்பளச் சண்டை என்று மட்டும் நினைக்காதீர்கள். அடிபட்டால் ஆஸ்பத்திரிச் செலவு யாருடையது என்பதும் இதில்தான் இருக்கிறது, உங்கள் மகன் விஷயத்தில் எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

பணம் இல்லாத இடமா என்றால், கல்லூரிக் கூடைப்பந்தின் மார்ச் போட்டிகளை டிவியில் காட்டும் உரிமைக்கு 2016இல் போட்ட எட்டு வருட நீட்டிப்பு மட்டும் 880 கோடி டாலர். 2023இல் டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் தன் ஃபுட்பால் கோச் ஜிம்போ ஃபிஷரை வேலையை விட்டு அனுப்பியது, ஒப்பந்தம் மிச்சம் இருந்ததால் அவருக்குச் சேர வேண்டிய தொகை சுமார் 7.6 கோடி டாலர். வேலை செய்யாமல் இருப்பதற்கு! ஆடுகிற பையனுக்குக் கொடுத்தால் மட்டும் விளையாட்டின் தூய்மை கெட்டுவிடும் என்றார்கள்.

நீதிமன்றங்களும் இதை நம்புவதை நிறுத்திவிட்டன. தன் உருவம் வீடியோ கேமில் வந்ததைப் பார்த்து முன்னாள் கல்லூரிக் கூடைப்பந்து வீரர் எட் ஓபேனன் 2009இல் வழக்குப் போட்டார். 2019இல் கலிபோர்னியா, வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம் என்று சட்டமே கொண்டுவந்தது. 2021 ஜூனில் ஆல்ஸ்டன் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் என்சிஏஏவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள். அதற்கு அடுத்த மாதம், ஜூலை 1ஆம் தேதி, விளம்பரம், ஸ்பான்சர் வழியாக வீரர்கள் சம்பாதிக்க வழி திறந்தது. இதைத்தான் என்ஐஎல் என்கிறார்கள், பெயர், உருவம், அடையாளம் மூன்றும் சேர்ந்தது.

உங்கள் கொழுந்தனார் கேள்விப்பட்டது அதற்கும் பிறகு வந்தது. கிரான்ட் ஹவுஸ் என்ற நீச்சல் வீரர் பெயரில் நடந்த வழக்கில் 2025 ஜூன் 6ஆம் தேதி நீதிபதி கிளாடியா வில்கன் ஒரு சமரசத்தை ஏற்றார். 2016 முதல் ஆடியவர்களுக்குப் பத்து வருடத்தில் சுமார் 280 கோடி டாலர் பாக்கி, அதோடு இனிமேல் பல்கலைக்கழகமே தன் வீரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம். 2025-26க்கு ஒரு பல்கலைக்கழகத்துக்கு உச்சவரம்பு 2.05 கோடி டாலர். உங்கள் கொழுந்தனார் பொய் சொல்லவில்லை, பாதியைச் சொல்லியிருக்கிறார். 2.05 கோடி என்பது கொடுக்கலாம் என்ற எல்லைதான், கொடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை. பல கல்லூரிகள் இதில் சேரவே இல்லை, ஹார்வர்டு, யேல் இருக்கும் ஐவி லீக் வெளியே நின்றுவிட்டது. சேர்ந்த பெரிய கல்லூரிகளில் பாக்கித் தொகையைப் பிரித்த கணக்கையே பலர் பின்பற்றுகிறார்கள்: ஃபுட்பாலுக்கு 75 சதவீதம், ஆண்கள் கூடைப்பந்துக்கு 15, பெண்கள் கூடைப்பந்துக்கு 5, மிச்சம் 5 சதவீதத்தை மற்ற எல்லா விளையாட்டும் பங்கு போட வேண்டும். டென்னிஸ் அந்த ஐந்தில், நீச்சல், ஓட்டம், வாலிபால், கோல்ஃப் எல்லாவற்றோடும் வரிசையில் நிற்கிறது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஃபுட்பாலுக்குக் கொடுக்கப் பணம் வேண்டும் என்று சின்ன அணிகளை மூடத் தொடங்கியிருக்கிறார்கள். 2025 மார்ச்சில் கலிபோர்னியாவின் கால் பாலி பல்கலைக்கழகம் நீச்சல் அணியை நிறுத்தியபோது இந்தச் சமரசத்தையும் ஒரு காரணமாகச் சொன்னது. பார்த்தீர்களா, வீரர்களுக்குக் காசு கொடுத்தால் இப்படித்தான் ஆகும் என்கிறார்கள் பழைய ஆட்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. கோச்சுக்குக் கோடி கொடுக்கும்போது எந்த அணியை மூடலாம் என்று யாரும் கேட்டதில்லை. ஆனால் உங்கள் மகன் போய்ச் சேரும் அணி நாலு வருடமும் இருக்குமா என்ற கேள்வி நிஜமானது, அதைக் கோச்சிடம் நேராகக் கேட்க வேண்டும்.

இப்போது விசா. நீங்கள் உட்கார்ந்து கவனமாகப் படிக்க வேண்டியது இதைத்தான். உங்கள் மகன் எஃப்1 மாணவர் விசாவில் போவார். அதில் கல்லூரி நடக்கும் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வேலை பார்க்கலாம், வெளியே அனுமதி இல்லாமல் சம்பாதிக்கக் கூடாது. அமெரிக்க மண்ணில் நின்று ஒரு டென்னிஸ் மட்டைக் கம்பெனிக்காக வீடியோ எடுத்துப் போட்டு அதற்குக் காசு வாங்கினால் அது அனுமதி இல்லாத வேலையாகப் பார்க்கப்படும், விசாவே போகலாம். பல்கலைக்கழகம் நேரடியாகக் கொடுக்கும் புதிய பங்குப் பணத்தை எஃப்1 மாணவர் வாங்கலாமா என்பதற்கு அமெரிக்க அரசிடமிருந்து நான் இதை எழுதும் வரை தெளிவான விதி வரவில்லை. பர்டூ பல்கலைக்கழகத்தில் கூடைப்பந்து ஆடிய கனடாக்காரர் சாக் எடி, நாட்டின் தலைசிறந்த கல்லூரி ஆட்டக்காரராக இருந்த நாளிலும் இந்த விசாவால், தன்னோடு ஆடியவர்கள் மாதிரி சம்பாதிக்க முடியாமல் இருந்தார். கென்டக்கியில் ஆடிய காங்கோ நாட்டு ஆஸ்கர் ஷிப்வே என்ன செய்தார் தெரியுமா, 2022 ஆகஸ்டில் அணி பஹாமாஸ் தீவுக்குப் போனபோது, அமெரிக்காவுக்கு வெளியே இருக்கிற அந்தச் சில நாளில் விளம்பர வேலைகளை முடித்துக்கொண்டார்.

உங்கள் மகனுக்கும் வழி அதுதான். கோடை விடுமுறையில் கோவைக்கு வரும்போது, உள்ளூர்க் கடையோ விளையாட்டுப் பொருள் கம்பெனியோ படம் எடுக்கக் கூப்பிட்டால், வேலை முழுவதையும் இங்கேயே முடித்து, பணத்தையும் இங்கேயே வாங்கி, இங்கேயே வரி கட்டுவது. அதையும் கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் கேட்டுவிட்டு, கம்ப்ளையன்ஸ் அலுவலகத்தில் சொல்லிவிட்டுச் செய்யட்டும். 600 டாலரும் அதற்கு மேலும் வரும் ஒப்பந்தங்களைப் பதிவு செய்ய வேண்டும் என்று விதி இருக்கிறது. வீரர்களை ஊழியர்களாகவே அறிவிக்க வேண்டும் என்று வழக்குகள் நடக்கின்றன, நான் அதை ஆதரிக்கிறேன், ஆனால் அப்படி ஆனால் வாரம் 20 மணி நேரம் என்ற அதே விசா எல்லை நம் பிள்ளைகள் கழுத்தில் வந்து விழும். டிவிஷன் 1 ஆண்கள் டென்னிஸில் பாதிக்கு மேல் வெளிநாட்டுப் பிள்ளைகள்தான். விசா விதியையும் சேர்த்து மாற்றாமல் அந்தச் சட்டம் வந்தால் முதலில் அடிபடுவது அவர்கள்.

ஏஜென்டுக்கு வருகிறேன். ஸ்பான்சர் வாங்கித் தருகிறேன் என்பவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: எஃப்1 விசாவில் அந்தப் பணத்தை எப்படி வாங்குவது, எழுதிக் கொடுங்கள். எழுதிக் கொடுக்க மாட்டார். இன்னொன்று, அவர் நீட்டும் தாளில் வருங்கால வருமானத்தில் பங்கு என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். ஃபுளோரிடாவில் ஆடிய ஜெர்வான் டெக்ஸ்டர் 2022இல் ஒரு நிறுவனத்திடம் 4,36,485 டாலர் வாங்கிக்கொண்டு, தொழில்முறை ஃபுட்பாலில் சம்பாதிப்பதில் 15 சதவீதத்தை 25 வருடத்துக்குக் கொடுப்பதாகக் கையெழுத்துப் போட்டார். அடுத்த வருடமே கோர்ட்டுக்குப் போக வேண்டி வந்தது. வாய்ப் பேச்சையும் நம்பாதீர்கள். 2024 செப்டம்பரில் லாஸ் வேகஸில் மேத்யூ ஸ்லூகா என்ற ஃபுட்பால் ஆட்டக்காரர், வாயால் சொன்ன ஒரு லட்சம் டாலர் கைக்கு வரவில்லை என்று மூன்றே ஆட்டத்தோடு அணியை விட்டுப் போனார். அப்படி எதற்கும் ஒத்துக்கொள்ளவே இல்லை என்றது அந்த அணி வீரர்களுக்கு ஸ்பான்சர் பணம் திரட்டும் அமைப்பு. எழுத்தில் எதுவும் இல்லாதபோது என்ன செய்ய முடியும்?

பரிசுப் பணத்திலும் கவனம் வேண்டும். டென்னிஸில் கல்லூரியில் சேரும் முன் வருடத்துக்கு 10,000 டாலர் வரை பரிசு வாங்கலாம், அதற்கு மேல் செலவுக்கான தொகை மட்டும் என்பது நெடுநாள் விதியாக இருந்தது. அதை எதிர்த்து வட கரோலினாவின் ரீஸ் பிரான்ட்மையர் 2024 மார்ச்சில் வழக்குப் போட்டார். விதி அசைந்துகொண்டிருக்கிற நேரம் என்பதால் மகன் ஆடிய ஒவ்வொரு ஐடிஎஃப் (சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு) போட்டிக்கும் ரயில் டிக்கெட், ஓட்டல் பில், கோச் கட்டணம், ராக்கெட்டுக்கு நரம்பு கட்டிய ரசீது எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள். தேதி வாரியாக. எனக்குத் தெரிந்து ஒரு பையன் ரசீது இல்லாத காரணத்துக்காகவே முதல் சீசனில் பாதி ஆட்டங்களை வெளியே உட்கார்ந்து பார்த்தான்.

இனி அந்த 60 சதவீதம். எதில் 60 என்று கேட்டீர்களா? ட்யூஷனில் மட்டுமா, தங்குவது சாப்பாடு எல்லாம் சேர்த்தா? ட்யூஷனுக்கும் கட்டாயப் புத்தகங்களுக்கும் வரும் உதவிக்கு அமெரிக்காவில் வரி இல்லை, தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் வரும் பகுதிக்கு உண்டு, வெளிநாட்டு மாணவருக்கு 14 சதவீதம் பிடித்துக்கொண்டுதான் கொடுப்பார்கள். அதனால் முடிந்தவரை ட்யூஷனில் கழிக்கச் சொல்லுங்கள். மீதி 40 சதவீதம், இன்ஷூரன்ஸ், விமான டிக்கெட் எல்லாவற்றையும் விளையாட்டிலிருந்து ஒரு பைசா வராது என்று வைத்துக்கொண்டு நாலு வருடத்துக்குப் போட்டுப் பாருங்கள். தாங்கும் என்றால் சந்தோஷமாக அனுப்புங்கள். தமிழ்க் குடும்பத்தில் பிறந்து டெல்லியில் வளர்ந்த தேஜஸ்வின் ஷங்கர் கன்சாஸ் ஸ்டேட்டில் படித்தபடியே 2018இலும் 2022இலும் உயரம் தாண்டுதலில் என்சிஏஏ சாம்பியன் ஆனார். மதுரையின் தக்‌ஷிணேஸ்வர் சுரேஷ் வேக் ஃபாரஸ்டில் படிக்கும்போதே 2025 செப்டம்பரில் டேவிஸ் கோப்பையில் சுவிட்சர்லாந்தைச் சாய்த்த இந்திய அணியில் ஆடினார். அமெரிக்கக் கல்லூரிகளின் பயிற்சியும் மைதானமும் ஆட்டத் தரமும் நிஜமாகவே பெரிய விஷயம். அதற்காகப் போகட்டும். தாங்காது என்றால், வரப்போகும் சம்பளத்தை நம்பி நகையை அடகு வைக்காதீர்கள். வேறு கல்லூரிகளுக்கும் எழுதிக் கேளுங்கள், இன்னும் நல்ல உதவி தரும் இடங்கள் உண்டு.

கோச்சுக்கு இந்த வாரமே ஒரு மின்னஞ்சல் போகட்டும், மகன் பெயரில். ஸ்காலர்ஷிப் ஒரு வருடத்துக்கா, நாலு வருடத்துக்கா? கோச் மாறினால் அது நிற்குமா? அணியில் பத்துப் பேர்தான் என்ற புதிய வரம்பு உங்கள் கல்லூரிக்கு உண்டா, உண்டென்றால் நான் எத்தனையாவது ஆள்? விளையாடும்போது தோள்பட்டை போனால் சிகிச்சைச் செலவு யாருடையது, படிப்பு முடிந்த பிறகும் இரண்டு வருடம் வரை பார்ப்பீர்களா? இந்தக் கடைசிக் கேள்விக்கு 2024 ஆகஸ்ட் முதல் டிவிஷன் 1 கல்லூரிகள் ஆமாம் என்று சொல்லியாக வேண்டும், இருந்தாலும் எழுத்தில் வாங்குங்கள்.

பதில் வந்ததும், கையெழுத்துப் போடும் முன், அந்தத் தாள்களை எனக்கு அனுப்புங்கள். வரி வரியாகப் பார்த்துச் சொல்கிறேன், அதற்குக் கட்டணம் வேண்டாம். உங்கள் வீட்டுக்காரரையும் சேர்த்து உட்கார வைத்துப் பேசுவோம், டெனிசன் குடும்பத்தின் கதையை அவரிடம் நானே சொல்ல விரும்புகிறேன்.